திறந்த ஜீப்புக்குச் சிக்கன வைத்தியம்: தண்ணீர், மின்சாரம், காற்று

கேமரன் மலைக்குப் போனவர்கள் அங்கே ஓடும் பழைய லேண்ட் ரோவர்களைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். கதவு ஒரு நிறம், முன்மூடி வேறொரு நிறம், பின்னால் வெளுத்துப்போன கேன்வாஸ். ஆனாலும் முட்டைக்கோசையும் தக்காளியையும் ஏற்றிக்கொண்டு செங்குத்தான மண்பாதையில் அசராமல் ஏறுகின்றன. மலையிலிருந்து கீழே இறங்கினால், செம்பனைத் தோட்டங்களிலும் கம்பத்துச் சாலைகளிலும் கேன்வாஸ் கூரை போட்ட பழைய சுசுகி ஜிம்னிகளைக் காணலாம். வார இறுதியில் காட்டுப்பாதையில் ஓட்டுவதற்காகவே இவற்றைத் தேடி வாங்கும் இளைஞர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

இவ்வகை வண்டியை வாங்குவது எளிது. வைத்துக் காப்பாற்றுவதுதான் கடினம். மூடிய காருக்கு வராத சிக்கல்கள் கூரையில்லா வண்டிக்கு வரும். தரை துருப்பிடிக்கும், விளக்கு மங்கும், காலையில் ஸ்டார்ட் ஆகாது, இருக்கை நாறும். ஒவ்வொன்றுக்கும் பட்டறைக்குப் போனால் பணம் கரையும். ஆனால் இவற்றில் பெரும்பாலானவற்றை வீட்டிலேயே, இரும்புக்கடையில் வாங்கும் சாமான்களை வைத்தே சரிசெய்யலாம். எதைச் செய்யும் முன்பும் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் எந்த வழியாகப் போகிறது? மின்சாரம் எந்த வழியாகப் போகிறது? காற்று எந்த வழியாகப் போகிறது? இம்மூன்றுக்கும் சரியான வழியைக் காட்டுவதே சிக்கன வைத்தியம். வழியைக் கவனிக்காமல் மேலே பூசி மறைத்தால் பணம் போவதோடு சில நேரம் உயிருக்கும் ஆபத்து வரும்.

தண்ணீர்: உள்ளே வரட்டும், ஆனால் தங்கக் கூடாது

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பலத்த மாலை மழை ஒன்று 50 மில்லிமீட்டர் பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். திறந்து கிடக்கும் ஜீப்பின் உட்பரப்பு 2 சதுர மீட்டர். 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்பது 1 லிட்டர். ஆக, ஒரே மாலையில் 100 லிட்டர், அதாவது 100 கிலோ தண்ணீர் வண்டிக்குள் விழுகிறது. கேன்வாஸ் போட்டிருந்தாலும் தையல் வழியாகவும் ஓரம் வழியாகவும் அதில் ஒரு பங்கு உள்ளே வரத்தான் செய்யும். ஆகவே, முழுக்கத் தடுப்பதைவிட விரைவாக வெளியேற்றுவதே புத்திசாலித்தனம்.

பல ஜீப்புகளின் தரையில் ரப்பர் அடைப்பான் போட்ட வடிகால் துளைகள் தொழிற்சாலையிலேயே வைக்கப்பட்டிருக்கும். முந்தைய உரிமையாளர் அவற்றின் மேல் கம்பளம் விரித்து மறந்திருப்பார். முதலில் அவற்றைத் தேடிச் சேற்றை நீக்குங்கள். துளையே இல்லையென்றால், தண்ணீர் தேங்கும் மிகத் தாழ்வான இடத்தில் ஒன்று போடலாம். அதற்கு முன் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். அந்த இடத்துக்கு நேர் கீழே பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், மின்கம்பி, சேசிஸ் எதுவும் இருக்கக் கூடாது. துளையின் வெட்டுவாயில் வெறும் இரும்பு தெரியும். அங்கே துத்தநாகம் கலந்த பிரைமரைப் பூசி, பொருத்தமான ரப்பர் அடைப்பானை வாங்கிப் போடுங்கள். நிறுத்தி வைக்கும்போது அடைப்பானைக் கழற்றுங்கள். ஓட்டும்போது கட்டாயம் மாட்டுங்கள். இந்தக் கட்டாயத்துக்கான காரணம் காற்றைப் பற்றிப் பேசும்போது தெரியும்.

அடுத்தது கம்பளம். அது தண்ணீரைக் குடித்து, தகரத்தின் மேல் ஈரப் போர்வையாகக் கிடக்கும். துரு என்பது இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்து நடத்தும் வேதிவினை. இதில் ஒன்றை நீக்கினாலும் வினை நின்றுவிடும். இரும்பை நீக்க முடியாது, ஆக்சிஜனையும் நீக்க முடியாது. நம் கையில் இருப்பது நீர் ஒன்றுதான். எனவே கம்பளத்தை எடுத்துவிட்டு, எளிதில் தூக்கி உலர்த்தக்கூடிய ரப்பர் விரிப்பைப் போடுங்கள்.

இருக்கை நாறுவதற்கும் இதுதான் காரணம். சாதாரண மெத்தைப் பஞ்சில் நுண்ணறைகள் ஒன்றோடொன்று திறந்திருக்கும். பாத்திரம் கழுவும் பஞ்சைப் போல நீரை உறிஞ்சும். யோகா விரிப்பு, ரப்பர் செருப்பு போன்றவற்றில் அறைகள் தனித்தனியாக மூடியிருப்பதால் நீர் உள்ளே புகாது. இருக்கையின் உறையைக் கழற்றி, பழைய பஞ்சுக்குப் பதில் இவ்வகை மூடிய அறைப் பஞ்சை அடுக்கினால், மழையில் நனைந்த இருக்கையைத் துணியால் துடைத்துவிட்டு உட்காரலாம்.

ஏற்கெனவே துரு பிடித்துவிட்டால்? இரும்பின் துரு நுண்துளைகள் நிறைந்தது. அது நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, கீழே உள்ள இரும்பைத் தொடர்ந்து அரிக்கும். அதோடு, துரு தான் உருவான இரும்பைவிடப் பல மடங்கு அதிக இடத்தை அடைப்பதால், மேலே இருக்கும் சாயத்தைத் தள்ளிக் கொப்புளமாக்கும். துருவை நீக்காமல் மேலே பட்டி வைத்துச் சாயம் பூசினால், உள்ளே வினை நடந்துகொண்டே இருக்கும். கம்பித் தூரிகையால் தளர்ந்த துருவைத் தேய்த்து எடுங்கள். மிச்சத்தின் மேல் துரு மாற்றி எனப்படும் திரவத்தைப் பூசுங்கள். அதிலுள்ள டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ துருவோடு வினைபுரிந்து கறுப்பான, நிலையான படலமாக மாற்றும். காய்ந்ததும் பிரைமர், அதன் பிறகு சாயம். கழற்றக்கூடிய சிறு பாகங்களாக இருந்தால் ஓர் இரவு வினிகரில் ஊறவைத்தாலே துரு கரையும்; பிறகு ஆப்ப சோடா கலந்த நீரில் கழுவி, உடனே உலர்த்திச் சாயம் பூச வேண்டும்.

லேண்ட் ரோவர் வைத்திருப்பவர்கள், “எங்கள் வண்டி அலுமினியம், துரு பிடிக்காது” என்பார்கள். பாதி உண்மை. 1948ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அந்த வண்டி அறிமுகமானபோது பிரிட்டனில் போருக்குப் பிந்தைய எஃகுத் தட்டுப்பாடு இருந்தது. அதனால் மேல்தகடுகளை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அடியில் உள்ள சேசிஸோ எஃகு. இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டு, இடையே உப்பு கலந்த ஈரமும் இருந்தால், அது ஒரு சிறு மின்கலம். நம் பள்ளி ஆய்வுக்கூடத்தில் எலுமிச்சம்பழத்தில் செப்பும் துத்தநாகமும் செருகிச் செய்யும் அதே மின்கலம். அதில் அதிக வினைத்திறன் கொண்ட அலுமினியம்தான் தன்னை இழந்து வெள்ளைப் பொடியாக உதிரும். இரண்டுக்கும் நடுவே மெல்லிய ரப்பர் பட்டையோ நைலான் வாஷரோ வைத்துவிட்டால் மின்சுற்று அறுபடும், அரிப்பும் குறையும். சில சென் மதிப்புள்ள வேலை இது.

கேன்வாஸையும் பார்த்துவிடுவோம். பருத்தித் துணிக் கேன்வாஸ் மீது ஒரு துளி நீர் விடுங்கள். துளி முத்தாக உருண்டு நின்றால் மெழுகு இன்னும் இருக்கிறது. பரவி ஊறினால் போய்விட்டது. சாதாரண மெழுகுவர்த்தியைத் தையல் ஓரங்களில் அழுத்தித் தேய்த்து, தலைமுடி உலர்த்தியால் சூடு காட்டினால் மெழுகு உருகி நூலுக்குள் இறங்கும். ஊசி போன துளைகள் அடைபடும். மெழுகு தீப்பற்றும் பொருள் என்பதால் புகைக்குழாய்க்கு அருகே வரும் துணியில் இதைச் செய்ய வேண்டாம். ஒளிபுகும் பிளாஸ்டிக் ஜன்னலை உலர்ந்த துணியால் துடைக்காதீர்கள். தூசித் துகள்கள் கீறல் போடும். கீறல்கள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் ஜன்னல் மங்கலாகத் தெரிகிறது. முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவி, பிறகு மென்மையான துணியால் ஒற்றி எடுங்கள்.

மின்சாரம்: போன வழியே திரும்பி வர வேண்டும்

“பேட்டரி புதுசு, ஆனாலும் ஸ்டார்ட் ஆகவில்லை” என்பது ஜீப் வைத்திருப்பவர்களின் பொதுவான புலம்பல். வீட்டு மின்சுற்றில் போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி. வண்டியிலோ போவதற்கு மட்டும்தான் கம்பி. திரும்பி வரும் பாதை வண்டியின் இரும்பு உடல்தான். மெக்கானிக்குகள் ‘எர்த்’ என்று சொல்வது இதைத்தான். திறந்த வண்டியில் சேறும் மழையும் முதலில் கெடுப்பது இந்த எர்த் இணைப்புகளை.

ஓமின் விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மின்னழுத்த இழப்பு என்பது மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கி வருவது. ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்போம். துருப்பிடித்த எர்த் இணைப்பில் வெறும் 0.02 ஓம் தடை இருந்தாலும், 150ஐ 0.02ஆல் பெருக்கினால் 3 வோல்ட். 12 வோல்ட்டில் 3 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். மோட்டார் ‘டொக்’ என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடும். அதற்காகப் புதுப் பேட்டரி வாங்குவது, ஓட்டைக் குழாய்க்குப் பெரிய தண்ணீர்த் தொட்டி வாங்குவதைப் போன்றது.

இதைக் கண்டுபிடிக்க 30 ரிங்கிட்டுக்குள் கிடைக்கும் மல்டிமீட்டர் போதும். நேர்மின்னோட்ட வோல்ட் அளவையில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மறுமுனையை என்ஜின் உடலின் சுத்தமான உலோகத்திலும் வையுங்கள். கியர் நியூட்ரலில் இருக்க, கைப்பிரேக் போட்டிருக்க, இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அளவு அரை வோல்ட்டைத் தாண்டினால் கோளாறு எர்த்தில் இருக்கிறது.

சரிசெய்வது எளிது. பேட்டரியின் எந்த முனை வண்டி உடலோடு இணைந்திருக்கிறதோ, அதை முதலில் கழற்றுங்கள். பெரும்பாலும் அது எதிர்முனை. மற்றதை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் தவறி உடலைத் தொட்டால் பெரிய பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் வாயு அதில் தீப்பிடிக்கலாம். மாட்டும்போது அதே முனையைக் கடைசியில் மாட்டுங்கள். முனைகளில் பூத்திருக்கும் வெள்ளை, நீலப் பொடியின் மேல் ஆப்ப சோடா கலந்த வெந்நீரை ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கரையும். சோடா காரம், பொடியோடு ஒட்டியிருப்பது அமிலம். நுரை கரியமில வாயு. பேட்டரியின் மூடிகள் இறுக மூடியிருக்கட்டும், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். எர்த் கம்பி உடலில் சேரும் இடத்தை மணல்தாளால் பளபளக்கத் தேய்த்து, இறுக்கிப் பூட்டி, அதன் பிறகு மேலே பெட்ரோலியம் ஜெல்லி பூசுங்கள். ஈரம் அண்டாது.

முன்விளக்கு மங்கலாக எரிவதும் பெரும்பாலும் இதே நோய்தான். சாதாரண இழை பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்தோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை. மிக வேகமாகக் குறையும். மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 விழுக்காடு குறையும். விளக்கைப் போட்டுவிட்டு, பேட்டரியிலும் பல்பின் முனையிலும் அளந்து பாருங்கள். பேட்டரியில் 12.4 வோல்ட், பல்பில் 11.1 வோல்ட் என்றால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு பழைய கம்பியிலும் சுவிட்சிலும் வெப்பமாக வீணாகிறது. விளக்கின் எர்த்தைச் சுத்தம் செய்யுங்கள். போதவில்லையென்றால், பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேரே தடித்த கம்பி இழுத்து, ஒரு ரிலே பொருத்துங்கள். பழைய சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்கும். பெரிய மின்னோட்டம் குறுக்கு வழியில் விளக்குக்குப் போகும்.

பலர் செய்வதோ வேறு. 55 வாட் பல்பை எடுத்துவிட்டு 100 வாட் பல்பு போடுகிறார்கள். மின்னோட்டம் 1.8 மடங்காகும், கம்பியில் உண்டாகும் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, 3.3 மடங்காகும். முப்பது வருடப் பழைய கம்பியின் உறை உருகித் தீப்பிடிக்க அது போதும். அடிக்கடி எரியும் ஃபியூஸுக்குப் பதில் ஈயத்தாள் சுற்றுவதும் அதே தீயை விருந்துக்கு அழைப்பதுதான்.

காற்று: கண்ணுக்குத் தெரியாத வேலைக்காரன்

ஆற்றைக் கடந்து வந்த சில நாட்களில் பின் அச்சின் டிஃபரன்ஷியல் எண்ணெய் தே தாரிக் நிறத்துக்கு மாறியிருப்பதைப் பார்த்தவர்கள் உண்டு. எண்ணெயோடு தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் பல்சக்கரங்களும் பேரிங்குகளும் தேய்ந்துபோகும். மூடிய பெட்டிக்குள் தண்ணீர் எப்படிப் போனது?

படிவம் 4 இயற்பியலில் வரும் வாயு விதிதான் விடை. நெடுந்தூரம் ஓடிய அச்சுக்குள் காற்று 80 பாகை செல்சியஸ், அதாவது 353 கெல்வின் என்று வைப்போம். குளிர்ந்த ஆற்றில் இறங்கியதும் அது 27 பாகைக்கு, அதாவது 300 கெல்வினுக்குக் குறைகிறது. கன அளவு மாறாதபோது அழுத்தமும் அதே விகிதத்தில், அதாவது 15 விழுக்காடு குறையும். அந்த அழுத்த வேறுபாடு ஏறக்குறைய 1.5 மீட்டர் உயரத் தண்ணீரைத் தூக்கும் அளவுக்கு வலிமையானது. இப்படி நடக்காமலிருக்கத்தான் அச்சின் மேல் ஒரு சிறு மூச்சுத் துளை வைத்திருக்கிறார்கள். அது சேற்றால் அடைபட்டிருந்தால், அச்சு எண்ணெய் சீல்களின் இடுக்கு வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். துளையே தண்ணீருக்குள் மூழ்கினால் நேரடியாகக் குடிக்கும்.

வைத்தியம்: மூச்சுத் துளையைச் சுத்தம் செய்து, அதில் பெட்ரோல், எண்ணெய் தாங்கும் ரப்பர் குழாயைக் கிளிப் போட்டு மாட்டுங்கள். மறுமுனையை என்ஜின் அறையின் உயரமான மூலைக்குக் கொண்டுபோய்க் கீழ்நோக்கி வளைத்துக் கட்டுங்கள். அச்சு மேலும் கீழும் ஆடும் என்பதால் குழாயில் தாராளமாகத் தளர்வு விடுங்கள். புகைக்குழாயிலிருந்து தள்ளி வையுங்கள். சில மீட்டர் குழாய்க்கும் இரண்டு கிளிப்புக்கும் ஆகும் செலவு, கெட்டுப்போன டிஃபரன்ஷியலை மாற்றும் செலவின் பக்கத்தில்கூட வராது.

காற்று செய்யும் இன்னொரு வேலை பயங்கரமானது. பெட்டி வடிவ வண்டி முன்னே ஓடும்போது, அதன் பின்னால் அழுத்தம் குறைந்த பகுதி ஒன்று உருவாகிறது. புகைக்குழாயிலிருந்து வரும் புகை அங்கேதான் சுழன்றுகொண்டிருக்கும். மழைக்காகப் பக்கத் திரைகளை எல்லாம் இறக்கிவிட்டு, பின்திரையை மட்டும் காற்றுக்காகச் சுருட்டி வைத்தால், அந்தப் புகை வண்டிக்குள் திரும்பி வரும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. மணமில்லை, நிறமில்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், பிறகு தூக்கக் கலக்கம். பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அசந்து தூங்குகிறார்கள் என்றுதான் நமக்குத் தோன்றும்.

ஆகவே, பக்கத் திரைகள் மூடியிருந்தால் பின்திரையும் மூடியிருக்க வேண்டும். காற்று முன்பக்கத்திலிருந்து வரட்டும். புகைக்குழாயின் முனை வண்டியின் உடலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க, குளிர்ந்த என்ஜினை வெட்டவெளியில் ஸ்டார்ட் செய்த உடனே, குழாய் இணைப்புகளில் சோப்பு நீரைத் தெளியுங்கள். குமிழி வரும் இடமே ஓட்டை. தரையில் துருவால் விழுந்த ஓட்டைகளும், அடைப்பான் இல்லாத வடிகால் துளைகளும் இந்த வாயுவுக்கு வாசல்தான். தண்ணீர் வெளியேற வைத்த வழியில் நச்சுவாயு உள்ளே வரக் கூடாது. ஓட்டும்போது அடைப்பானை மாட்டச் சொன்னது இதற்காகத்தான்.

நாம் கைவைக்கக் கூடாதவை

பிரேக் குழாய், ஸ்டீயரிங், சேசிஸ் வெல்டிங், பாதுகாப்புக் கம்பி, இருக்கைவார் ஆகியவை வீட்டு வேலைகள் அல்ல. காரணத்தைக் கணக்கே சொல்லும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 13.9 மீட்டர். அந்த வேகத்தில் மோதி 0.1 நொடியில் நின்றால், 70 கிலோ எடையுள்ள ஒருவரின் இருக்கைவார் ஏறக்குறைய 9,700 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். கிட்டத்தட்ட 1 டன் எடையை அந்தப் போல்ட்டில் தொங்கவிடுவதற்கு அது சமம். போல்ட் பிடித்திருக்கும் தகடு துருப்பிடித்து, மேலே பட்டி பூசி மினுக்கியிருந்தால் என்ன ஆகும்? அழகுக்காகத் தரைத் தகட்டில் பூட்டப்படும் குரோமியக் கம்பியும் வண்டி கவிழும்போது அதே தகட்டைக் கிழித்துக்கொண்டுதான் வரும். இவற்றைத் தேர்ந்த பட்டறையிடம் விடுங்கள். வண்டியின் அமைப்பை மாற்றும் வேலை என்றால் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதியும் வேண்டும்.

பழைய ஜீப்பை வாங்கப் போகிறவர்கள் ஒரு சுத்தியலையும் திருப்புளியையும் கொண்டுபோங்கள். சேசிஸையும் இருக்கைவார் போல்ட்டைச் சுற்றியுள்ள தகட்டையும் மெல்லத் தட்டிப் பாருங்கள். நல்ல எஃகு ‘டிங்’ என்று ஒலிக்கும். துருவும் பட்டியும் ‘டப்’ என்று மங்கும். சந்தேகம் வந்தால் திருப்புளியால் அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் அந்த வண்டியை வாங்க வேண்டாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு வேலைத் திட்டம். இந்த வார இறுதியில் புகைக்குழாயையும் தரை ஓட்டைகளையும் சோதியுங்கள். அடுத்த வாரம் கம்பளத்தை எடுத்து வடிகாலைத் திறந்து, துருவைக் கவனியுங்கள். மூன்றாவது வாரம் எர்த் இணைப்புகள். ஆற்றுப் பக்கம் போகிறவர்களாக இருந்தால் நான்காவது வாரம் மூச்சுக் குழாய். வீட்டில் படிவம் 4, படிவம் 5 படிக்கும் பிள்ளைகள் இருந்தால் மல்டிமீட்டரை அவர்கள் கையில் கொடுங்கள். ஓமின் விதி தேர்வுத்தாளைத் தாண்டி எங்கே உதவும் என்பதை அவர்களே அளந்து பார்க்கட்டும்.